வால் மடங்காத மீன்

நூறாவது மீனைத் தொட்டியிலிருந்து தூக்கியபோது படகில் இருந்த மூன்று ஆண்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நிறுத்த அவசியமே இல்லை. கணக்கு ஏற்கெனவே தேறிவிட்டது. அறுபது வேண்டும், அறுபத்து மூன்று வந்தாகிவிட்டது. ஆனாலும் கடைசி மீன் கடைசி மீன்தானே.

அவள் மீனைப் பலகையில் கிடத்தினாள். மூக்கைத் தலைக்கட்டையில் முட்டவைத்து, துடிக்கிற வாலை இடது கை விரலால் நீவி, குனிந்து கோட்டைப் பார்த்தாள்.

"முப்பத்தாறு."

"அப்ப அறுபத்து நாலு" என்றான் கொழுந்தன், எஞ்சின் பக்கத்திலிருந்து. "எழுதுங்க அண்ணி. கையெழுத்து நல்லா வரட்டும். நாளைக்கு அண்ணன் வந்து முதல்ல அதைத்தான் பாக்கும்."

"உங்க அண்ணன் முதல்ல என்னைப் பாக்கட்டும். அப்புறமா நோட்டைப் பாக்கலாம்" என்றாள் அவள்.

படகு குலுங்கச் சிரித்தார்கள். சங்கத் தலைவர்கூடச் சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம். ஒரு காலத்தில் எஞ்சின் மெக்கானிக்காக இருந்தவர். எந்தக் கூட்டத்திலும் யார் எதைச் சொன்னாலும் "இரு இரு" என்று கையைக் காட்டி நிறுத்துவதால் ஊரில் அவருக்கு பிரேக் என்றே பெயர். முகத்துக்கு நேராக பிரேக் அண்ணன், முதுகுக்குப் பின்னால் வெறும் பிரேக். அவளுக்கு மட்டும் என்ன, மீன் அளக்கிற வேலைக்கு வந்த நாளிலிருந்து ஸ்கேலு. வயதில் சின்னவர்களுக்கு ஸ்கேலக்கா.

ஐந்து வருடங்களுக்கு முன்னால் அந்தக் கடற்கரையில் மீன் உள்ளங்கை அளவுக்குச் சிறுத்துப்போயிருந்தது. மீன்கள் முட்டையிட வரும் இடம் கரையிலிருந்து முக்கால் மணி நேர தூரத்தில் இருந்த ஒரு பாறைப் பள்ளம். அங்கேயே போய் எல்லோரும் வலை போட்டால் எப்படி மிஞ்சும்? ஊர் கூடிப் பேசிப் பேசி, சண்டை போட்டு, கடைசியில் பள்ளத்தை மூடுவது என்று முடிவெடுத்தார்கள். திறப்பதற்கு ஒரு விதியும் வைத்தார்கள். மாதம் ஒரு தடவை ஒரே ஒரு படகு உள்ளே போகும். தூண்டிலில் நூறு மீன் பிடித்து, அளந்து, உயிரோடு திரும்ப விட்டுவிடும். முப்பத்தைந்து சென்டிமீட்டர் இருக்கிற மீன் ஒரு தடவையாவது முட்டையிட்டிருக்கும். அப்படிப்பட்டவை நூறில் அறுபது, அதுவும் தொடர்ந்து மூன்று மாதம் இருந்தால் பள்ளம் திறக்கும். இல்லாவிட்டால் இல்லை.

அந்த விதியை எழுதிக் கொடுத்து, ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி ஒப்புக்கொள்ள வைத்தவன் அவளுடைய புருஷன்.

பள்ளம் மூடியதும் பாதிப் படகுகளுக்குத்தான் வேலை இருந்தது. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே படகு. ஒருவன் படகை ஓட்டுவது, மற்றவன் வெளியே வேலைக்குப் போவது என்று சீட்டுக் குலுக்கினார்கள். போகிறவன் பெயராக வந்தது அண்ணன் பெயர். மறுநாள் துணி துவைக்கும்போது அவன் சட்டைப் பையில் மடித்துக் கிடந்த இன்னொரு சீட்டை அவள் பிரித்துப் பார்த்தாள். அதிலும் அவன் பெயரே எழுதியிருந்தது. தம்பிக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. அவள் அந்தச் சீட்டை அடுப்பில் போட்டுவிட்டு யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அவனிடம்கூட.

அன்றிலிருந்து அவன் ஒன்பது மணி நேர பஸ் பயணத்துக்கு அப்பால், ஒரு கூண்டு மீன் பண்ணையில் வேலை செய்கிறான். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை, நான்கு நாள் வீட்டுக்கு வருவான். மகளுக்கு இப்போது ஆறு வயது.

முப்பதைத் தாண்டாமல் முக்கிக்கொண்டிருந்த எண்ணிக்கை இந்த மூன்று மாதமாகத்தான் அறுபத்தொன்று, அறுபத்திரண்டு, அறுபத்து நான்கு என்று துள்ளியிருந்தது. நீரோட்டம் மாறிவிட்டது என்றார் ஒருவர். மழை நன்றாகப் பெய்தது என்றார் இன்னொருவர். ஆசைப்படுகிற மனதுக்குக் காரணம் கிடைப்பதா கஷ்டம்? திங்கட்கிழமை விடிந்தால் பள்ளம் திறக்கும். அவன் பண்ணை வேலையை விட்டுவிட்டு, பெட்டியோடு, ஒரேயடியாக வருகிறான்.

நூறாவது மீன் அளக்கிறவளுக்கு. அது பலகை செய்த நாளிலிருந்து இருக்கிற வழக்கம். அவள் அதை ஈரச் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

*

"முந்தின ரெண்டு மாசமும் துண்டு போட்டுக் குழம்பு வெச்சுட்டோம். இன்னிக்கு முழுசாப் பொரிப்போம்க்கா" என்றாள் ஓரகத்தி. "நாளைக்கு மாமா வர்றதுக்கு இது ஒத்திகை."

ஓரகத்திக்கு வாய் ஓயாது. தையல் மிஷினில் உட்கார்ந்தால் மிஷின் சத்தத்தை மீறிப் பேசுவாள், அடுப்படியில் எண்ணெய் சத்தத்தை மீறிப் பேசுவாள். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே சமையலறை, ஒரே பெரிய இரும்புச் சட்டி. தட்டையான அடிப்பாகம், நிமிர்ந்த விளிம்பு. நல்ல மீனாக வந்தால் அதில் ஒருபோதும் நேராகப் படுக்காது. வால் விளிம்பில் ஏறி மடங்கிக்கொள்ளும், அந்த இடம் மட்டும் வேகாது. வாலுக்காக அண்ணனும் தம்பியும் சின்னப் பிள்ளைகள் மாதிரி அடித்துக்கொள்வார்கள், எனக்கு வேண்டாம், நீயே தின்னு என்று.

எண்ணெய் காய்ந்ததும் ஓரகத்தி மீனை உள்ளே விட்டாள்.

"இதைப் பாரேன். இன்னிக்கு வால் மடங்காம சமத்தாப் படுத்துக்கிச்சு. மீனுக்குக்கூட புத்தி வந்துருச்சுக்கா, நம்ம வீட்டு ஆம்பளைங்களுக்குத்தான் வரலை."

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். மீன் சட்டிக்குள் தலையும் வாலும் இடிக்காமல் நீட்டி நிமிர்ந்து கிடந்தது. வாலுக்கும் விளிம்புக்கும் நடுவில் எண்ணெய் கொதித்துக் குமிழ் விட்டது.

சிரிப்பு பாதியில் நின்றது.

"உன் தையல் டேப் எங்க இருக்கு?"

"மிஷின் மேல. எதுக்குக்கா?"

அவள் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு மிஷின் பக்கம் போனாள். மீன் வெந்து, தட்டுக்கு வந்து, ஓரகத்தி தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து டேப்பை வைத்தாள். முப்பத்து நான்குக்கும் ஒரு நூல் குறைவு. வெந்தால் கொஞ்சம் சுருங்கும்தான். இரண்டு சென்டிமீட்டருக்கா சுருங்கும்? காலி சட்டியை அளந்தாள். முப்பத்தைந்து. முப்பத்தாறு சென்டிமீட்டர் மீன் பச்சையாக இருக்கும்போதே அதில் எப்படி நேராகப் படுத்தது?

பலகை திண்ணிய மரத்தில் செய்தது. கல்யாணமான மூன்றாம் வருடம், அவளுக்கு அளவு வேலை கிடைத்த அன்று, பழைய படகின் பலகையை இழைத்து அவனே செய்து கொடுத்தான். சென்டிமீட்டருக்கு ஒரு கோடு, ஐந்துக்கு ஒரு தடவை சிவப்பு எண். மீன் மூக்கு முட்டுகிற இடத்தில் குறுக்காக ஒரு மரக்கட்டை. அந்தத் தலைக்கட்டை நாளடைவில் ஆட்டம் கண்டுவிட்டது. போன தடவை வந்திருந்தபோது அவன்தான் அதைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கட்டை அடித்தான். நல்ல கனமான கட்டை. இனிமேல் பத்து வருஷம் ஆடாது என்று அவள்கூட ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

கொல்லைப்புறம் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்து, டேப்பின் நுனியைத் தலைக்கட்டையில் பொருத்தி, முப்பத்தைந்து என்று சிவப்பில் எழுதியிருந்த கோடுவரை இழுத்தாள்.

முப்பத்து மூன்று.

மறுபடி இழுத்தாள். டேப்பை ஈரம் போகத் துடைத்துவிட்டு இழுத்தாள். முப்பத்து மூன்றுதான். பழைய கட்டை மெல்லியது. புதியது அதைவிட இரண்டு சென்டிமீட்டர் தடித்தது. பின்பக்கம் பழைய ஆணித் துளையிலேயே சரியாக உட்கார்ந்திருந்தது. முன்பக்கம் முதல் இரண்டு கோடுகளை விழுங்கியிருந்தது. மீன் அளக்கிறவர்கள் வாலைத்தான் பார்ப்பார்கள். ஆரம்பத்தை யார் பார்க்கிறார்கள்?

நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மீனின் அளவிலும் இரண்டைக் கழித்து மறுபடி எண்ணினாள். அறுபத்து நான்கு முப்பத்தொன்றாக இறங்கியது. போன மாதம் இருபத்தொன்பது. அதற்கு முந்தின மாதம் முப்பது. மீன் ஒரு நூல்கூட வளரவில்லை. மரம்தான் வளர்ந்திருந்தது.

ஓரகத்தி வந்து எட்டிப் பார்த்தபோது அவள் நோட்டை மூடிவிட்டாள்.

"என்னக்கா, நாளைக்கு மாமா வர்றார்னு இப்பவே முகம் இப்படிக் கறுக்குது?"

"வெயில்" என்றாள்.

மீதிப் பொழுது முழுவதும் வீட்டைப் பெருக்கினாள். பெருக்கின இடத்தையே திரும்பவும் பெருக்கினாள். அவன் சட்டைகளுக்காக அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து வைத்திருந்தாள், அதைத் துடைத்தாள். யாருக்கும் தெரியாது. டேப்பை மிஷின் மேல் வைத்துவிட்டால் முடிந்தது விஷயம். திங்கட்கிழமை படகுகள் போகும், முதல் வருடம் அள்ளும், அவன் சாயங்காலம் வீட்டுக்கு வருவான். அதற்கடுத்த வருடமும் ஏதோ கிடைக்கும். அதற்கப்புறம்? அவள் துடைப்பதை நிறுத்திவிட்டு அலமாரியின் காலித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் அவன் இறங்கினான். தகரப் பெட்டி ஒன்று, கயிறு கட்டிய படுக்கை ஒன்று. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கை விரல்களில் மருந்துத் தண்ணீர் பட்டுத் தோல் உரிந்து வெள்ளை வெள்ளையாக இருந்தது. பண்ணையில் அவனுக்கு வேலை, கூண்டுகளுக்குத் தீனி இறைப்பதும், இறங்கி மூழ்கிச் செத்த மீன்களை வாருவதும்.

மகள் அம்மாவின் புடவைக்குப் பின்னால் நின்று அவனை அளவெடுத்தாள்.

"இதுதான் போன் அப்பாவா?" என்று அம்மாவிடம் கேட்டாள், ரகசியம் என்று நினைத்துக்கொண்டு சத்தமாக.

"இனிமே வீட்டு அப்பா" என்றான் அவன். குழந்தை அதை யோசித்துப் பார்த்துவிட்டு, ஒரு விரலால் பெட்டியின் பூட்டை மட்டும் தொட்டது.

அவன் குளித்து, சாப்பிட்டு, தம்பியோடு படகைச் சுற்றி வந்து, புதிதாக அடித்த பெயின்ட்டைக் குறை சொல்லி, அதற்குத் தம்பி பதிலுக்கு அவன் தொப்பை காணாமல்போனதைக் குறை சொல்லி, எல்லாம் முடிந்து மத்தியானம் இரண்டு பேரும் தனியாக ஆனார்கள். கொல்லையில் துவைக்கிற கல்லில் அவன் உட்கார்ந்தான். அவள் பலகையைக் கொண்டுவந்து எதிரே வைத்து, அதன்மேல் டேப்பை வைத்தாள்.

அவன் டேப்பைப் பார்த்தான். எதற்கு என்று கேட்கவில்லை. அவன் கேட்காததிலேயே அவளுக்குப் பாதி தெரிந்துபோனது.

"மரம் அந்தத் தடிமன்லதான் கெடைச்சுது" என்றான்.

"இழைக்கத் தெரியாத ஆளா நீங்க?"

"அவசரத்துல..."

"சீட்டு குலுக்கினப்பவும் அவசரம்தானா? ரெண்டு சீட்டுலயும் ஒரே பேர எழுதினீங்களே."

அவன் நிமிர்ந்து பார்த்தான். ஐந்து வருடமாக அவள் வாய்க்குள் வைத்திருந்தது வெளியே வந்து விழுந்துவிட்டது. தூரத்தில் யாரோ படகை இழுக்க ஆள் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

"தெரியுமா உனக்கு" என்றான்.

"தெரியும். அன்னிக்கு எனக்குக் கோபம் வந்துச்சு, பெருமையாவும் இருந்துச்சு. இன்னிக்குப் பெருமையா இல்லைங்க."

அவன் உரிந்த விரல்களைத் தேய்த்துக்கொண்டே பேசினான்.

"போன தடவை வந்தேன்ல. நம்ம பொண்ணைத் தூக்கலாம்னு கிட்ட போனேன். அலமாரிக்குப் பின்னாடி ஓடி ஒளிஞ்சுகிட்டா. என்னடா கண்ணு, அப்பாகிட்ட பேச மாட்டியான்னேன். 'நீங்க போன்ல வாங்க, அப்ப பேசறேன்'னா. நான் வெளிய போய்த் தெருமுனையில நின்னு போன் பண்ணினேன். பேசினா. பல்லு ஆடுறதை, கிளாஸ்ல அடி வாங்கினதை, எல்லாத்தையும் சொன்னா. நாலு வீடு தள்ளி நின்னுகிட்டு என் புள்ளைகிட்ட நான் போன்ல பேசறேன்." பலகையைப் பார்த்தான். "அன்னிக்கு மத்தியானம்தான் கட்டையை மாத்தினேன்."

அவள் துவைக்கிற கல்லின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அங்க தீனி எதுல செய்யறாங்க தெரியுமா" என்றான் அவன் மறுபடி. "விரல் நீளக் குஞ்சு மீனை லாரி லாரியாக் கொண்டுவந்து அரைக்கறாங்க. ஒரு கிலோ மீனை வளக்க மூணு நாலு கிலோ குஞ்சு. எங்கயோ ஒரு கடலைத் தொடைச்சுக் கொண்டாந்து இங்க கூண்டுல கொட்டற மாதிரி. ஒவ்வொரு மூட்டையப் பிரிக்கறப்பவும் நம்ம பள்ளத்தை நெனைச்சுக்குவேன்."

"இவ்வளவு தெரிஞ்ச மனுஷனா இதைச் செஞ்சீங்க?"

"தெரிஞ்ச மனுஷன்தான். அதான் ரெண்டோட நிறுத்தினேன்."

சிரிக்க முயன்றான். அவளும் முயன்றாள். இரண்டு பேருக்கும் வரவில்லை.

"முப்பத்தி மூணுக்கும் முப்பத்தி அஞ்சுக்கும் நடுவுல என்ன இருக்கு" என்றான்.

"ஒரு தடவை முட்டை போடறது இருக்கு. நீங்கதானே வீடு வீடாப் போய்ச் சொன்னீங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். உச்சியில் முடி கொட்டியிருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள். போனில் முகம்தான் தெரியும், உச்சி தெரியாது. கை நீட்டி அதைத் தொட்டாள். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"சாயங்காலம் கொட்டகையில கூட்டம் இருக்கு" என்றாள். "நான் சொல்லிடப் போறேன்."

"நான் சொல்றேன்."

"நீங்க சொன்னா என்ன ஆகும்? பள்ளத்து விஷயத்துல பொய் சொன்ன குடும்பத்துக்குப் படகு நம்பர் தகடைப் பிடுங்கிடணும், அப்புறம் கடலுக்கே போகக் கூடாதுன்னு விதி. எழுதினது யாரு?"

அவன் டேப்பை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தான்.

"அந்தத் தகடு உங்க தம்பியோடதும்தான். ரெண்டு அடுப்பு எரியுது அதுல. கவனக்குறைவுன்னா என் வேலையோட போகும். நீங்க வாயைத் திறக்கக் கூடாது. எனக்காக இது ஒண்ணைச் செய்யுங்க."

*

வலைக் கொட்டகை நிரம்பியிருந்தது. ஐந்து வருடமாகக் கூட்டத்துக்கு வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். சுவரோரம் புது வலைகள் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தன. முதலில் எந்தப் படகு, பின்னால் எந்தப் படகு என்று வரிசை போடுவதற்காக பிரேக் அண்ணன் கரும்பலகையில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார்.

அவள் அளவுப் பலகையை மேஜைமேல் வைத்தாள்.

"அண்ணே, வரிசை போட வேண்டாம். இதுல தப்பு இருக்கு."

"இரு இரு" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு அவர் திரும்பினார்.

அவள் டேப்பைப் பிடித்துக் காட்டினாள். புதுக் கட்டை தடித்தது, முதல் இரண்டு கோடு மறைந்துபோனது, மூன்று மாதமாக ஒவ்வொரு மீனிலும் இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக எழுதியது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். "கட்டை மாத்தினதும் நான் சரிபார்த்திருக்கணும். பாக்கலை. என் தப்பு. நேத்துக் கணக்கு அறுபத்து நாலு இல்லை, முப்பத்தொண்ணு."

யாராவது கத்துவார்கள் என்று எதிர்பார்த்தாள். ஒருவரும் கத்தவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"வெண்ணெய் திரள்றப்ப தாழியை உடைச்சுட்டியே ஸ்கேலு" என்றார் வலை பின்னுகிறவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஐஸ் கடைக்காரி மெதுவாகக் கேட்டாள். "என் ரெண்டு பசங்களும் வேலையை விட்டுட்டு புதன்கிழமை வர்றானுங்க. நான் என்னன்னு சொல்லட்டும் அவனுங்ககிட்ட?"

தன் புருஷனை மட்டுமே நினைத்துக்கொண்டு இரண்டு நாளாக வெந்தது எவ்வளவு சின்ன விஷயம் என்று அளந்தவளுக்கு அப்போது தோன்றியது. ஊரில் எத்தனை வீட்டு அலமாரியில் ஒரு தட்டு காலியாகியிருக்கும்?

பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். "இது இந்தக் கொட்டகைக்குள்ள இருக்கறவங்களுக்கு மட்டும்தானே தெரியும். ரெண்டு சென்டிமீட்டர். ஒரு கட்டைவிரல். வெளிய சொல்ல வேண்டாம். தொறந்துருவோம்."

நாலைந்து தலைகள் ஆடின. அப்புறம் இன்னும் சில.

"இரு இரு" என்றார் பிரேக் அண்ணன். இந்தத் தடவை பழக்கத்தில் சொல்லவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்தார். "நம்ம ஐஸ் மிஷினை எங்க வாங்கினோம்?"

சில தலைகள் ஐஸ் கடைக்காரி பக்கம் திரும்பின.

"பக்கத்துத் துறையில வாங்கினோம். அவங்களும் ஒரு பள்ளத்தை மூடி வெச்சிருந்தாங்க. அவங்களும் கொட்டகைக்குள்ளயே பேசி முடிச்சாங்க. முதல் வருஷம் ஐஸ் பத்தலை. மூணாவது வருஷம் ஐஸ் போட மீன் இல்லை. மிஷினை வித்தாங்க. பிரிச்சு ஏத்தினதே நான்தான். என் கையில சாவியக் கொடுத்துட்டு அந்த ஆளு என்ன பண்ணினான் தெரியுமா? மிஷினைத் துணியால தொடைச்சான். வித்த பொருளை எவனாவது தொடைப்பானா?" அவர் மூச்சு வாங்கினார். "நாளைக்கு யாரும் பள்ளத்துக்குப் போகலை."

நின்றவன் உட்கார்ந்தான்.

பிறகு பிரேக் அண்ணன் கண் அவள் புருஷன்மேல் போனது. அவன் தூணோரம் நின்றிருந்தான்.

"தம்பி. இந்தக் கட்டையை அடிச்சது நீதானே?"

"ஆமாண்ணே."

"உனக்கு..." என்று ஆரம்பித்தார்.

அவன் உதடு பிரிந்தது. அவள் முந்திக்கொண்டாள்.

"அளந்தது நான் அண்ணே. என்னைக் கேளுங்க."

பிரேக் அண்ணன் அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மேஜைமேல் கிடந்த கட்டையைப் பார்த்தார். நாற்பது வருடம் எஞ்சின் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று கண்டுபிடித்தவர். அவருக்கா தெரியாது? ஆனால் கேள்வியை அவர் முடிக்கவில்லை.

"இனிமே அளவு வேலையை வேற யாராவது பாக்கட்டும்" என்றார். "பலகையை மட்டும் சரி பண்ணிக் கொண்டுவந்து கொடுத்துரும்மா."

மடித்த வலைகளை எல்லோரும் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார்கள். கொழுந்தன் மட்டும் கொஞ்ச நேரம் நின்றான். அண்ணனிடம் ஏதோ கேட்க வந்தவன் மாதிரி வந்து, "வாண்ணே, போலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தான்.

*

பள்ளம் திறப்பதாக இருந்த திங்கட்கிழமை, அவன் கொல்லையில் உட்கார்ந்து தலைக்கட்டையைப் பிடுங்கினான். அவள் டேப்பைப் பிடித்துக்கொண்டு கோடு போட்டுக் கொடுத்தாள். அவன் கோட்டின்மேல் ரம்பத்தை வைத்து அறுத்தான். இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரு மரத்துண்டு தனியாக விழுந்தது. மீதிக் கட்டையை அடித்து, அவளையே அளந்து பார்க்கச் சொன்னான். முப்பத்தைந்து முப்பத்தைந்தாக வந்தது.

"எவ்வளவு நாளாகும்" என்று கேட்டான், ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டே.

"ரெண்டு வருஷம். தண்ணி நல்லா இருந்தா."

"அப்ப எட்டு வயசு ஆகும் அவளுக்கு."

அவள் மரத்தூளைக் கூட்டி அள்ளினாள்.

பண்ணைக்குப் போன் பண்ணினான். அவன் இடத்தில் வேறு ஆள் போட்டாகிவிட்டது. தீனி அரைக்கிற ஷெட்டில் வேலை இருக்கிறது, வந்தால் வா என்றார்கள். அந்த ஷெட்டின் வாடையைப் பற்றி முன்பு ஒரு தடவை அவளிடம் சொல்லியிருக்கிறான். "சரிங்க சார்" என்றான்.

செவ்வாய்க்கிழமை காலை பஸ். பெட்டியிலிருந்து சட்டைகளை வெளியே எடுக்கவே இல்லை, அதனால் கட்டுகிற வேலை மிச்சம். ஓரகத்தி வழிக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். வாயே திறக்காமல் கட்டினாள், அவளுக்கு இதுதான் முதல் தடவை. தம்பி பெட்டியைத் தூக்கிக்கொண்டான்.

இரண்டு நாளில் மகள் கொஞ்சம் பழகியிருந்தாள். அவன் விரலில் உரிந்த தோலை ஒரு நுனியில் பிடித்து இழுத்துப் பார்க்கிற அளவுக்கு. பஸ் வந்து நின்றதும் அண்ணாந்து கேட்டாள்.

"மறுபடி போனுக்குப் போறீங்களாப்பா?"

"ஆமாடா கண்ணு."

"போன் எப்பவும் கீழ விழுந்துருதுப்பா. நீங்க ஆடிகிட்டே இருக்கீங்க."

அவன் அவளைத் தூக்கினான். இந்தத் தடவை ஓடவில்லை. கண்டக்டர் தகரத்தைத் தட்டினார்.

அவன் மனைவியைப் பார்த்தான். "கோபமா?" என்றான்.

"போய்ச் சேந்ததும் பேசுங்க" என்றாள். மகளை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

மத்தியானம் அவள் பலகையைக் கொண்டுபோய்ச் சங்கத்தில் கொடுத்தாள். புதிதாக அளக்க வந்தவளுக்கு மூக்கை எப்படி முட்டவைப்பது, வாலை எப்படி நீவுவது என்று சொல்லிக் கொடுத்தாள். "ஆரம்பக் கோட்டையும் ஒவ்வொரு தடவையும் முதல்ல பாரு" என்றாள். திரும்பி வரும்போது எதிர்ப்பட்ட ஐஸ் கடைக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இனி ரொம்ப நாளைக்கு அப்படித்தான் இருக்கும்.

வீட்டில் மகள் அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து எதையோ செய்துகொண்டிருந்தாள். கொல்லையில் கிடந்த அந்த மரத்துண்டை எடுத்துவந்து, காலியாக இருந்த தட்டில் நிறுத்தி, அதன்மேல் போனைச் சாய்த்து வைத்திருந்தாள். சரியாக அவள் கண் உயரத்துக்கு இருந்தது.

"இப்ப விழாதும்மா" என்றாள்.

அவள் மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பஸ் போய்ச் சேர இன்னும் நாலு மணி நேரம் இருந்தது.